கடைசி அசையில் அழுத்தம்

பிரெஞ்சுச் சொல் அசைபிரிப்பு மற்றும் அழுத்த நிர்ணயக் கழகத்துக்கு நேர் எதிரில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்தக் கழகம் இல்லையென்றால் எனக்குச் சோறு இல்லை. எந்த விண்ணப்பமானாலும் ஏழு பிரதி கேட்பார்கள். ஏழாவது எதற்கென்று கேட்டால், ஆறாவது தொலைந்துபோனால் வேண்டாமா என்பார்கள். ஆகவே நான் அவர்களைக் குறை சொல்வது நன்றிகெட்டத்தனம்தான். தெரிந்தே சொல்கிறேன். பதினான்கு வருஷம் ஒரே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் வரத்தான் செய்யும்.

கட்டடம் நாலு மாடி. பெயர்ப்பலகை முன்சுவரில் அடங்காமல் மூலை திரும்பிப் பக்கச் சுவரில் போய் முடியும். முன்சுவரில் 'நிர்ணய' என்று நிற்கும். பக்கச் சுவரில் 'க் கழகம்' என்று தொடங்கும். அசை பிரிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் ஒற்றெழுத்தில் ஒரு சுவரைத் தொடங்கலாமா? ஒரு தடவை காவலாளியிடம் கேட்டேன். "அது கொத்தனார் பண்ணது, எங்க வரம்புல வராது" என்றார். உள்ளே நாலு மாடியிலும் காலை பத்து மணியிலிருந்து அசை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் தங்கை நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் பிரெஞ்சு பேசுகிற ஓர் ஊரில், ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. தங்கையின் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, பிளம்பர். ஆறு மாதத்தில் பின்னாலேயே போவதாகப் பேச்சு. ஆறு மாதம் இரண்டு வருஷமாகி, தினமும் மதியம் பத்து நிமிஷம் போனில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். மகள் எதிர்முனையில் கதை கதையாகச் சொல்வாள். இவர் "ம்" என்பார். அதிகம் போனால் "ம்ம்" என்பார். சரியான அழுத்தக்காரர். மனதில் இருப்பதை நெம்புகோல் போட்டாலும் எடுக்க முடியாது. ஆனால் போனை வைத்த பிறகு அதைத் துணியால் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

ஒருவழியாக அந்த ஊர்ப் பிளம்பிங் கம்பெனி ஒன்று இவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பியது. காகிதங்களை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் விசா அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், அடுத்த வருஷம்தான் பேச்சு. கடிதம் பிரெஞ்சில் இருந்தது. நேராக என்னிடம் கொண்டுவந்தார். கடை வாசலில் 'மொழிபெயர்ப்பும் செய்து தரப்படும்' என்று எழுதிப் போட்டிருக்கிறேன். எழுதிப் போட்ட பிறகுதான் அகராதி வாங்கினேன்.

கேட்டிருந்த காகிதங்கள் நாலு. பாஸ்போர்ட், புகைப்படம், கல்யாணச் சான்று. நாலாவதற்கு மூன்று தடவை அகராதியைப் புரட்டி, சந்தேகமே இல்லாமல் எழுதினேன்: அழுத்தச் சோதனைச் சான்றிதழ். எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தால், எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடி ஜன்னலுக்கு மேலே 'அழுத்தச் சோதனைப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் மாப்பிள்ளை. ரோட்டைத் தாண்டினா போதும்" என்றேன்.

அவர் கட்டடத்தைப் பார்த்தார். "குழாய் மாட்டறவனுக்கு எதுக்கு மச்சான் உச்சரிப்பு?"

"அந்த ஊர்ல அப்படித்தான். சொல்லை எங்க அழுத்தறோம்கிறதுல ரொம்பக் கறார். நீங்க தப்பா அழுத்திக் கேட்டா கடைக்காரன் குழாய்க்குப் பதிலா குடையை எடுத்துக் குடுத்துடுவான்."

"ம்" என்றார். தங்கைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. நான் ஒருத்தன் இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை என்ற பெருமை எனக்கு.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் துணைக்குப் போனேன். வாசல் கவுன்டரில் பாஸ்போர்ட்டை அசலாகவே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். "சோதனை முடியற வரைக்கும் இது எங்க பாதுகாப்புல இருக்கும். உங்களைவிட நாங்க நல்லா பாத்துப்போம்" என்றார் கவுன்டர்காரர். பிறகு படிவம் கொடுத்தார். ஒன்பதாவது கேள்வி: அழுத்தம் எங்கே, எவ்வளவு?

மாப்பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். யோசிக்காமல் எழுதினார். 'கீழ்த் தளத்தில் நன்றாக இருக்கும். மேலே போகப் போகக் குறையும். காலை எட்டு மணிக்கு மேல் எங்குமே மோசம்.'

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் படிவம் மூன்று மேஜைகளைத் தாண்டி மூன்றிலும் சரி என்று கோடு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. ஓர் அலுவலர் 'மேலே போகப் போகக் குறையும்' என்பதை மட்டும் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'ஆழ்ந்த அவதானிப்பு' என்று எழுதியிருந்தார்.

முதல் மாடி, அசைப் பிரிவு. அங்கே ஒரு மேஜை, மேஜையில் சங்கிலி போட்டுக் கட்டிய கத்தரிக்கோல். சொல்லை நீளமான காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள், விண்ணப்பதாரர் அசை அசையாக வெட்ட வேண்டும். அசை என்றால் நேர், நிரை என்று பள்ளிக்கூடத்தில் உதை வாங்கிப் படித்த ஞாபகம் எனக்கு. அந்த உதை இங்கே உதவவில்லை.

"ரொபினே" என்றார் அசை அலுவலர். "உங்க தொழில் சொல்லுதான். தண்ணிக் குழாய்னு அர்த்தம். ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரு மெய் வந்தா அது பின்னாடி இருக்கற உயிரோட போகும். வெட்டுங்க."

மாப்பிள்ளை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். இடுப்பிலிருந்து டேப்பை இழுத்து அளந்தார். ரொ, பி, னே என்று மூன்று துண்டாகக் குறித்தார். பிறகு நிமிர்ந்து, "இன்னொரு துண்டு வேணும் சார். நீளம் பத்தாது" என்றார்.

"எதுக்கு?"

"ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு பக்கமும் மரை போட அரை இஞ்ச் விடணும். இல்லாட்டி ஜாயின்ட்ல ஒழுகும்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அசைக்கும் அசைக்கும் நடுவில் ஒழுகுவது பற்றி அவரிடம் இதுவரை யாரும் பேசியதில்லை போலிருக்கிறது. எழுந்து போய் ஒரு தடித்த புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்து அறையில் யாரிடமோ கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

"ஒழுகலாம்னு விதியில சொல்லல. ஒழுகாதுன்னும் சொல்லல. அதனால உங்களுக்குச் சாதகமா எடுத்துக்கறேன்" என்று முத்திரை குத்தினார். ஆனால் மூன்றாவது துண்டில் 'னே'வுக்குப் பின்னால் ஒரு 'த்' ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரி முனையால் தொட்டுக் காட்டினார். "இதை எழுதுவோம், சொல்ல மாட்டோம். இதுக்கு நான் பொறுப்பு இல்ல. மாடிப்படிக்கு அடியில மௌன எழுத்துப் பிரிவு இருக்கு, அங்க போங்க."

மௌன எழுத்துப் பிரிவில் பதினொரு பேர் இருந்தார்கள். இருந்தார்கள் என்று பதிவேடு சொல்லும். நாங்கள் கதவைத் திறந்தபோது ஒருவரும் நிமிரவில்லை. பேச்சுக்கு அனுமதி கிடையாது, எல்லாம் சீட்டில்தான். மாப்பிள்ளைக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு அலுவலகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தவர் மாதிரி ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். 'த்' பிரச்சினையை அரை நாளில் தீர்த்து, அடுத்த சொல்லைச் சீட்டில் நீட்டினார்கள்: 'போம்ப்'. தண்ணீர் இறைக்கிற பம்புதான். பிரெஞ்சில் அதற்குக் கடைசியில் ஓர் 'எ' எழுதி, அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் சிக்கல். அந்தப் பிரிவுக்குள் காகிதப் பக்கம், வாய்ப் பக்கம் என்று இரண்டு பக்கம். காகிதத்தில் எழுதினால் போம், பெ என்று இரண்டு அசை. வாயால் சொன்னால் ஒரே அசை. இந்தத் தகராறில் இரண்டு பக்கமும் பதினொரு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. நடுவில் இருக்கிற கதவுக்கு ஆணி அடித்துவிட்டார்கள். ஃபைல் எப்படிப் போய்வருகிறதென்று சீட்டில் எழுதிக் கேட்டேன். 'எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை மேஜை வழியாக' என்று பதில் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் ஒருத்தர் என் மேஜையில் ஃபைலை மறந்து வைத்துவிட்டுப் போவதும், இன்னொருத்தர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போவதும் கழகத்துக்காரர்களின் ஞாபக மறதி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாவம், நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒருத்தருக்கு விலாசம்கூடக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து, 'போம்ப்' என்ற சொல்லுக்குச் சராசரியாக ஒன்றரை அசை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இதற்குள் மாதம் இருபதைத் தாண்டிவிட்டது. மதிய போனில் மகள், "நீங்க எப்போ வருவீங்க?" என்று கேட்பது எனக்கே கேட்கும். மாப்பிள்ளை "ம்" என்பார். அந்த "ம்" முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகிக்கொண்டு வந்தது.

இரண்டாவது மாடிக்குப் போனோம். அழுத்தச் சோதனைப் பிரிவில் மூன்று பேர். முதலசை அலுவலர், இடையசை அலுவலர், கடையசை எழுத்தர். கடையசை என்றதும் என் கடை ஞாபகம்தான் எனக்கு வந்தது. கடைசி அசையாம்.

முதலசை அலுவலரின் அறையில் ஏசி, சோபா, நாலு தொட்டிச் செடி. எங்களை உட்காரவைத்து அன்பாகப் பேசினார். "பிரெஞ்சுல முதல் அசையில அழுத்தம் வராது. இருபத்திரண்டு வருஷமா நான் கண்காணிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு தடவைகூட வந்ததில்ல. ஏன் வரல? நான் இங்க உக்காந்திருக்கேன், அதனால வரல. ஜனங்களுக்கு இது புரியறதில்ல. இவருக்கு என்ன வேலைன்னு கேக்கறாங்க. நான் ஒரு வாரம் லீவு போட்டா தெரியும், எந்தெந்தச் சொல்லு எப்படி எப்படிக் கெட்டுப்போகுதுன்னு." மாப்பிள்ளையின் சொல்லில் தம்முடைய அசையில் அழுத்தம் காணப்படவில்லை என்று இல்லைச் சான்று எழுதிக் கொடுத்தார். எழுதிய களைப்பில் தண்ணீர் குடித்தார்.

இடையசை அலுவலர் கொஞ்சம் மனத்தாங்கலில் இருந்தார். "மூணு அசைச் சொல்லு வந்தாத்தான் எனக்கு நடுன்னு ஒண்ணே இருக்கு. ரெண்டு அசைன்னா நான் எங்க போறது? ஒரு அசைன்னா நான் இருக்கேனா இல்லையா? சில நாள் காலையில ஆபீசுக்குக் கிளம்பும்போதே எனக்கு அந்தச் சந்தேகம் வந்துடுது." 'ரொபினே'வுக்கு நடு அசை உண்டு என்றதும் முகம் மலர்ந்து, அதிலும் அழுத்தம் இல்லை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார். ஒன்றரை அசைப் 'போம்ப்'பைக் காட்டியதும் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

கடையசை எழுத்தரைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. நடைபாதைக் கோடியில், சுற்றாத மின்விசிறிக்குக் கீழே ஃபைல்கள் குன்றாகக் குவிந்திருந்தன. குன்றுக்குப் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. கட்டடத்தில் எல்லோரும் கடையசையம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையின் ஃபைலை வாங்கி அரை நிமிஷத்தில் குறிப்பு எழுதினார்.

"இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. சொல்லுல கடைசி அசைக்குத்தான் அழுத்தம். கடைசியில மௌன எ வந்தா அதை விட்டுட்டு அதுக்கு முன்னாடி அசைக்கு. அவ்வளவுதான் விஷயமே, ஒரே வரி."

"அப்புறம் எதுக்கும்மா நாலு மாடி?" என்றேன்.

"அதை நாலாவது மாடியிலதான் கேக்கணும். எனக்குப் பதவி உயர்வு குடுத்தா இடையசைக்குப் போயிடலாம், அங்க வேலை கம்மி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி மனு போட்டேன். அது எல்லா மேஜைக்கும் போயிட்டுக் கடைசியில என் மேஜைக்கே வந்துடுச்சு. இந்தக் குவியல்லதான் எங்கயோ இருக்கு." அவர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷி.

இருபத்தைந்தாம் தேதி நாலாவது மாடியில் இயக்குநர் முன்னால் நின்றோம். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, பேச ஆரம்பித்தால் சட்டை கசங்கும்வரை நிறுத்தமாட்டார். மாப்பிள்ளை 'ரொபினே' என்று சொன்னார். கடைசி அசையை ரெஞ்சால் முடுக்குவது மாதிரி முடுக்கினார். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

"சரியா இருக்கு" என்றார் இயக்குநர் வருத்தமாக. "ஆனா இது தனிச் சொல்லு. வாழ்க்கையில யாராவது தனியாக் குழாய்னு சொல்லிட்டு நிப்பாங்களா? சமையலறைக் குழாய்னு சேத்துச் சொல்லுவாங்க. பிரெஞ்சுல சமையலறை பின்னாடி வரும். உடனே அழுத்தம் குழாயை விட்டு சமையலறைக்கு ஓடிடும். சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னா, ஒழுகறதுக்கு ஓடிடும். அழுத்தம் எப்பவும் பேச்சு முடியற இடத்துலதான். பேச்சு எங்க முடியும்? மனுஷன் உயிரோட இருக்கற வரைக்கும் முடியாது. அதனால எந்தச் சொல்லுக்கும் நாங்க முடிவாச் சான்றிதழ் குடுக்கறது பொறுப்பில்லாத காரியம்."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க சார்?"

"அவசரப்பட்டுக் குடுக்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன் அடித்தது. மதிய அழைப்பு. பதற்றத்தில் அவர் விரல் ஒலிபெருக்கியில் பட்டுவிட்டது. மகள் யாரோ தோழியிடம் பிரெஞ்சில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். முகம் சுருங்கியது.

"யாரு இது? அசைக்கு நடுவுல இடைவெளியே இல்ல. ஒரு சொல்லோட வால் அடுத்த சொல்லுக்குள்ள போகுது. பாதி எழுத்தை முழுங்குது. இவ்வளவு தப்பாப் பேசற ஊர்லயா குழந்தையை விட்டு வெச்சிருக்கீங்க?"

"அது பிரெஞ்சுக்காரங்க ஊர்தான் சார்" என்றேன்.

"அதான் சொல்றேன். அங்க இந்த மாதிரி ஒரு கழகம் கிடையாது."

அழைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே வந்தோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மறுபடி அடித்தது. இந்தத் தடவை தங்கை. மாப்பிள்ளை போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

"எங்க அண்ணே இருக்கீங்க ரெண்டு பேரும்? ஏதோ ஒருத்தர் என் பொண்ணைத் திட்டற மாதிரி கேட்டுது."

"அழுத்தச் சோதனைச் சான்றிதழ் வாங்க வந்திருக்கோம். உச்சரிப்புக் கழகத்துல. கொஞ்சம் இழுபறி."

அவள் மெதுவாகக் கேட்டாள். "உச்சரிப்பா? அண்ணே, அது பிளம்பிங் கம்பெனி. குழாய்ல தண்ணிய ஏத்தி அழுத்தம் தாங்குதான்னு சோதிக்கத் தெரியும்னு ஒரு சர்டிஃபிகேட் கேட்டிருக்காங்க. அது அவர்கிட்ட பத்து வருஷமா இருக்கு. நீதானே லேமினேஷன் போட்டுக் குடுத்த."

என் மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தோள்பையைத் திறந்து, ரெஞ்சுக்கும் டேப்புக்கும் நடுவிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்தார். நான் போட்ட லேமினேஷன் மூலையில்கூடக் கிளம்பாமல் இருந்தது.

"இதை ஏன் மாப்பிள்ளை அன்னைக்கே சொல்லல?"

"நீங்க பிரெஞ்சு அழுத்தம்னு சொன்னீங்க. படிச்சவர், வேற ஏதோ போலிருக்குன்னு விட்டுட்டேன்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவமானத்தில் மூன்று மாடியும் தலையைக் குனிந்துகொண்டே இறங்கினேன்.

கீழே கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் கேட்டோம். "சோதனை முடியலையே" என்றார் கவுன்டர்காரர். சோதனையே வேண்டாம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றோம். அதற்கு வாபஸ் படிவம் வேண்டும். வாபஸ் படிவம் இன்னும் அச்சாகவில்லை. "தலைப்புல வாபஸ்ங்கறதை எங்க பிரிக்கறதுன்னு ஒரு குழு போட்டிருக்காங்க. ஒன்பது வருஷமா நல்லா போயிட்டிருக்கு." மறுநாளும் போனோம், அதே பதில். இருபத்தேழாம் தேதி காலையும் போனோம். அடுத்த நாள் விசா ஜன்னல் மூடிவிடும். மாப்பிள்ளை கவுன்டருக்குப் பின்னால் இருந்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பூட்டை அவர் இரண்டு நிமிஷத்தில் கழற்றிவிடுவார், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு வேறு போக்கிடம் தோன்றவில்லை. கடையசையம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மொழிபெயர்ப்பு செய்தது யார் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவர் எத்தனை நாளா வர்றார்?"

"மூணு வாரமா."

"யாருகிட்டயாவது சத்தம் போட்டிருக்காரா?"

"இவரா? பேசினாலே அதிசயம்."

"வரிசையில எங்க நிப்பார்?"

"கடைசியிலதான். வர்றவங்களுக்கெல்லாம் வழி விட்டுடுவார்."

கடையசையம்மா ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். "கடைசியில நிக்குது, எழுத்துல இருக்கு, சத்தம் வரல. அப்போ இவர் மௌன எ. மௌன எ-க்கு அழுத்தம் கிடையாது. அழுத்தம் இல்லாததுக்குச் சோதனையும் கிடையாது. உதிர்த்துடலாம். வாபஸ் படிவமே வேணாம்." சரசரவென்று குறிப்பெழுதினார். "ஆனா இயக்குநர் நேர்ல பரிசீலிப்பார். அரை மணி நேரம். அதுல இவர் வாயிலேருந்து ஒரு சத்தம் வந்தாலும் போச்சு."

இயக்குநர் குறிப்பைப் படித்துவிட்டு நாற்காலியை மாப்பிள்ளைக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஓரத்தில் நின்றேன். கடையசையம்மா கதவருகில் நின்றார்.

"உங்க பேரு என்ன?"

மாப்பிள்ளை பேசவில்லை. இதெல்லாம் அவருக்குச் சாதாரணம்.

"வெயில் ஜாஸ்தி இல்ல? காபி சாப்பிடறீங்களா?"

பேசவில்லை. இருபது நிமிஷம் போயிற்று. பிறகு இயக்குநர் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது. வாஷர் எல்லாம் எதுக்குன்னு நானே ஒரு சணல் கயித்தை எடுத்து அழுத்திச் சுத்திட்டேன். குழாய் வேலைல என்ன வித்தை இருக்கு, யாரு வேணா பண்ணலாமே?"

மாப்பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. சணல் கயிறு என்ற சொல்லை அவர் எதிரில் சொன்ன ஒரு வீட்டுக்காரரிடம் ஒருமுறை தொடர்ந்து பதினைந்து நிமிஷம் பேசியவர் அவர். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான். இப்போது வாய் திறந்தது. நானாவது கத்தி அதைத் தடுக்கலாமா என்று நினைத்தேன். அவர் கை தோள்பையிலிருந்த ரெஞ்சுக்குப் போகாமல் சட்டைப்பைக்குப் போய் அங்கிருந்த போனைத் தொட்டது. வாய் மூடிக்கொண்டது.

"அருமை" என்றார் இயக்குநர். நிஜமாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். "இவ்வளவு சுத்தமான மௌனத்தை என் சர்வீஸ்ல கேட்டதில்ல. இவரை வெளியில அனுப்பறது நமக்கு நஷ்டம். மௌன எழுத்துப் பிரிவுல இன்னைக்கே வேலை போட்டுத் தர்றேன். என்ன சொல்றீங்க?"

மாப்பிள்ளை எதைச் சொல்வார்? வேண்டாம் என்றால் சத்தம். சொல்லாவிட்டால் வேலை.

"பேசாம இருக்கார். சம்மதம்னு எழுதிக்கலாமா?"

"எழுத முடியாது சார்" என்றார் கடையசையம்மா. "மௌன எ-க்குச் சம்மதமும் கிடையாது, மறுப்பும் கிடையாது. உதிர மட்டும்தான் முடியும்."

இயக்குநர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். முதலசை அலுவலர் தம் பங்குக்கு எதுவும் காணப்படவில்லை என்று எழுதினார். இடையசை அலுவலர், இதில் நடு எதுவென்று விளங்கவில்லை என்று எழுதினார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டி திறந்தது. ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் வந்த பிறகுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "சணல் கயிறாம்" என்றார். பிறகு, "அந்த வீட்டுல தண்ணி நிக்கவே நிக்காது மச்சான்" என்றார்.

மறுநாள் விசா ஜன்னலில் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் லேமினேஷன் போட்ட சான்றிதழை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இது போதும் என்றாள். நான் கடைக்குத் திரும்பி ஒரு டப்பா பெயின்டை எடுத்து மொழிபெயர்ப்பு வரியை அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம். கடையில் கழகத்துக் கூட்டம், ஆளுக்கு ஏழு பிரதி. போன் வந்தது. "அண்ணே, ஏர்போர்ட்ல நிக்கறோம். அவர் வந்துட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கிட்டு வர்றார். நீயும் கேளு" என்று தங்கை போனை நீட்டிப் பிடித்தாள்.

காலடிச் சத்தம், பெட்டிச் சக்கரச் சத்தம், யாரோ இருமுவது. அப்புறம் குழந்தை கூப்பிட்டாள். நாம் எல்லோரும் 'அப்'பில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு 'பா'வைச் சும்மா விட்டுவிடுவோம். அவள் 'அப்'பை லேசாகத் தொட்டுவிட்டு, ஐந்து வயசு உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் 'பா'வில் போட்டுக் கத்தினாள். அந்த ஊர்க் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிடும் போலிருக்கிறது. இரண்டு வருஷத்தையும் சேர்த்து அந்த ஒரே எழுத்தில் வைத்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் குரல் வரவில்லை. வழக்கமான "ம்"கூட வரவில்லை.

"என்ன பண்றார்?" என்றேன்.

"தரையில உக்காந்துட்டார் அண்ணே. அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறார். எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே தங்கையும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

வரிசையில் முதலில் நின்றவர் மேஜையைத் தட்டி, "சார், ஏழு காப்பி, அவசரம்" என்றார். எனக்குக் கண் மறைத்தது. மெஷினை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.